கறுப்புத் திரை – 14: பாஸ்வேர்டு சரி, லாகின் தவறு

விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கி முடித்தது 2023 நவம்பரில். ஒருமுறை பணம் கட்டிக் காலத்துக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை அத்தோடு போயிற்று. இனி எல்லாமே சந்தா. கட்டுப்படியாகாது என்று பிராக்ஸ்மாக்ஸ் என்ற மாற்று மென்பொருள் பக்கம் மூட்டை கட்டும் அலுவலகங்கள் ஏராளம். மூட்டை கட்டுவது என்றால், சர்வருக்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷின்களை ஒவ்வொன்றாக ஃபைலாக்கி வெளியே எடுப்பது. ஒன்றிரண்டு என்றால் பிரவுசரில் க்ளிக் செய்தே எடுத்துவிடலாம். இருபது முப்பது இருந்தால் விரல் தேய்ந்துவிடும். அதற்காகவே விஎம்வேர் தந்திருக்கும் கமாண்ட் லைன் கருவி ஓவிஎஃப் டூல். மாலையில் ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடுவோம். கருவியோ முதல் வரியிலேயே ‘யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு’ என்று கையை விரித்துவிடும். அதே பெயர், அதே பாஸ்வேர்டு பிரவுசரில் ஜம்மென்று வேலை செய்யும்.

இங்கே பெரும்பாலும் பாஸ்வேர்டில் பிழை இல்லை. அது சர்வர் வரை போய்ச் சேருவதற்குள் வழியில் யாரோ அதைத் திருத்திவிடுகிறார்கள். யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஓவிஎஃப் டூல் எல்லாவற்றையும் ஒரே முகவரி வரியில் கேட்கிறது: யூசர் பெயர், பாஸ்வேர்டு, சர்வர், மெஷின். கடித உறையின் மேல் முகவரியை எழுதி, வீட்டுச் சாவியையும் அதிலேயே ஒட்டி அனுப்புவது மாதிரி. இணைய முகவரிகளின் இலக்கணத்தை வகுத்த ஆர்எஃப்சி 3986, முகவரிக்குள் பாஸ்வேர்டு எழுதும் இந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லி 2005-லேயே எழுதிவைத்துவிட்டது. யார் கேட்டார்கள்?

உதாரணத்துக்கு, பாஸ்வேர்டு ‘மதுரை@2024’ என்று வைத்துக்கொள்வோம். வரி இப்படி ஆகும்:

வி.ஐ://ரூட்:மதுரை@2024@10.0.0.5/கணக்கு

பாஸ்வேர்டு முடிந்து சர்வர் முகவரி தொடங்குவதைக் காட்டும் குறி @. இங்கே இரண்டு இருக்கின்றன. எது எல்லை? பாஸ்வேர்டில் உள்ளதை %40 என்று எழுதினால் குழப்பம் தீரும். ஆஸ்கி அட்டவணையில் @ குறியின் எண் 64. பதினாறடிமான எண்முறையில் அது 40. இதே கணக்கில் ! என்பது %21, # என்பது %23, $ என்பது %24. பாஸ்வேர்டிலேயே % இருந்தால் அது %25. யூசர் பெயருக்கும் இதே விதிதான். பல சர்வர்களை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டரின் தலைமைக் கணக்குப் பெயரான அட்மினிஸ்ட்ரேட்டர்@விஸ்பியர்.லோக்கல் என்பதில் @ பிறவியிலேயே உண்டு; அதையும் மாற்றித்தான் எழுத வேண்டும். பாஸ்வேர்டை ஒழுங்காக மாற்றிவிட்டு யூசர் பெயரை அப்படியே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

@ குறியை மட்டும் மாற்றிவிட்டு $, ! குறிகளை அப்படியே விட்டாலும் அதே எர்ரர் வரலாம். ஏனென்றால் அந்த வரியைக் கருவிக்கு முன்னால் படிப்பது ஷெல். லினக்ஸின் பாஷ் ஷெல்லில் இரட்டை மேற்கோளுக்குள் மதுரை$2024 என்று எழுதிப் பாருங்கள். $2 என்றால் இரண்டாவது ஆர்க்யுமென்ட் என்று பாஷ் எடுத்துக்கொள்ளும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் அங்கே வெற்றிடம்தான். கருவிக்குப் போய்ச் சேருவது ‘மதுரை024’. ஆச்சரியக்குறி இன்னும் பொல்லாதது. !2024 என்றால் பழைய கட்டளைகளில் 2024-ஆவதை எடுத்து வா என்று பொருள். இருந்தால் அந்தக் கட்டளையே பாஸ்வேர்டுக்குள் வந்து உட்காரும். ஆனால் ஆச்சரியக்குறியின் இந்த விளையாட்டு கையால் டைப் செய்யும்போது மட்டும். ஸ்கிரிப்டுக்குள் பாஷ் அதைச் செய்வதில்லை. முழு வரியையும் ஒற்றை மேற்கோளுக்குள் போட்டுவிட்டால் இரண்டு தொல்லையும் ஒழியும்.

விண்டோஸில் கதை தலைகீழ். கையால் டைப் செய்யும்போது %40 ஒழுங்காகப் போகும். அதே வரியை பேட்ச் ஃபைலில் போட்டால், %4 என்பதை நான்காவது ஆர்க்யுமென்ட் என்று படித்து, அது காலியாக இருந்தால் மிச்சமுள்ள 0-வை மட்டும் அனுப்பிவைக்கும். பேட்ச் ஃபைலில் %%40 என்று இரட்டிக்க வேண்டும். பகலில் சோதித்தபோது ஓடியது இரவில் ஓடாமல் போவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

சந்தேகம் வந்தால் முதலில் முகவரியிலிருந்து பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். கருவியே கேட்கும். அங்கே எந்த மாற்றமும் இல்லாமல் உள்ளபடியே டைப் செய்தால் போதும். உள்ளே விட்டால் கோளாறு எழுத்து மாற்றத்தில். விடாவிட்டால் சர்வர் பக்கம். தனியாக ஒரு லாபமும் உண்டு: கட்டளை வரியில் எழுதிய பாஸ்வேர்டு ஷெல் ஹிஸ்டரியில் தங்கும், அதே கணினியில் ஓடும் புராசஸ் பட்டியலிலும் தெரியும். கேட்டபின் டைப் செய்தால் இரண்டிலும் சிக்காது.

அப்போதும் உள்ளே விடவில்லையா? கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் சர்வர் மென்பொருளான ஈஎஸ்எக்ஸ்ஐ-யின் அண்மைக்காலப் பதிப்புகளில், அமைப்பை யாரும் மாற்றாதவரை, ஐந்து தவறான முயற்சிக்குப்பின் கணக்கு 15 நிமிடம் பூட்டிக்கொள்ளும். பூட்டியிருக்கும்போது சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் ‘தவறு’ என்ற அதே பதில்தான் வரும். பூட்டியிருக்கிறது என்று வெளியே இருப்பவரிடம் சொல்லாது. பதற்றத்தில் மறுபடி மறுபடி முயல்பவர் தன் பூட்டைத் தானே நீட்டித்துக்கொள்கிறார். சில இடங்களில் குற்றவாளி வேறொருவர்: ரூட் பாஸ்வேர்டை மாற்றியபின் பழையதையே வைத்துக்கொண்டு மணிக்கு மணி கதவைத் தட்டும் பேக்அப் மென்பொருள். சர்வரின் முன்னால் நின்று நேரடித் திரையில் நுழைய இந்தப் பூட்டு தடையில்லை. ரூட் கணக்கு 900 விநாடிக்குப் பூட்டப்பட்டது என்ற வரி சர்வரின் நிகழ்வுப் பதிவில் இருக்கும்.

லாகின் முடிந்தபின் வரும் எர்ரர்களையும் லாகின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. முகவரி எந்தப் பொருளையும் குறிக்கவில்லை என்று கருவி சொன்னால், நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். மெஷினின் பாதைதான் தவறு. நேராக ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வருக்குப் போனால் மெஷின் பெயர் போதும். விசென்டர் வழியாகப் போனால் டேட்டாசென்டர், ஃபோல்டர் எல்லாம் வரிசையாக வேண்டும்.

விசென்டரில் இன்னொரு கண்ணியும் உண்டு. அனுமதி தருவது விசென்டர் என்றாலும் டிஸ்க் தரவு வருவது மெஷின் ஓடும் ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வரிலிருந்து நேராக. உங்கள் கணினிக்கு அந்த சர்வரின் பெயர் தெரியாவிட்டால் லாகின் ஆனபின்னும் ஏற்றுமதி நின்றுவிடும். டிஎன்எஸ்ஸில் பதிவு இல்லையென்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் பெயரையும் ஐபியையும் ஒரு வரி எழுதி, ஃபயர்வாலில் 443 திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்கிரிப்டைத் தட்டுங்கள். வெளியே வந்த ஃபைலை பிராக்ஸ்மாக்ஸ் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)