தள்ளுவண்டிக்கு லோன் கிடைக்குமா? நாஞ்சில் நாட்டு ‘ஆர்கானிக்’ கடைக்கான கணக்கு

நாகர்கோவிலில் ஒரு தள்ளுவண்டிக்கடை என்று வைத்துக்கொள்வோம். அவித்த மரச்சீனிக்கிழங்கு, கருப்பட்டி போட்ட சுக்குக்காபி, தேங்காய் எண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் உப்பேரி. எல்லாமே ரசாயன உரம் போடாத தோட்டத்துச் சரக்கு. கூட்டம் வருது. இன்னொரு வண்டி போடலாம்னு ஆசையும் வருது. பணத்துக்கு எங்கே போவது?

வழக்கமாக முதலில் வந்து நிற்பவர் தண்டல்காரர். 10,000 ரூபாய் கடன் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார். தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். கேட்க 15 சதவீதம் மாதிரிதான் இருக்கும். ஆனால் கடன் தினமும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக நம் கையில் இருக்கும் பணம் அதில் பாதிதான். 100 நாள் வட்டியை ஆண்டுக்கணக்கில் போட்டுப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இயற்கை விளைபொருள் விற்பவருக்கு இது இன்னும் இடிக்கும். சரக்கு விலை கூடுதல். மொத்தக் கடையில் சொல்வது போல சிறு விவசாயியிடம் ‘அடுத்த வாரம் தர்றேன்’னு கடன் சொல்ல முடியாது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர் மட்டிப்பழத்தையே எடுங்க. கிடைக்கும்போது வாங்கணும், கனிந்துவிட்டால் சீக்கிரம் விற்கணும். ஆக, இந்தத் தொழிலுக்கு முதலில் வேண்டியது புது வண்டி இல்லை, சரக்குக்கான சுழற்சிப் பணம்.

அதற்குச் சரியாகப் பொருந்துவது 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய பிஎம் ஸ்வநிதி. சொத்து ஜாமீன் வேண்டாம். 2025 ஆகஸ்ட்டில் மாற்றி அமைக்கப்பட்ட பிறகு முதல் தவணைக் கடன் 15,000, அதை அடைத்தால் 25,000, அடுத்து 50,000 ரூபாய். கடன் வழங்கும் காலம் 2030 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. 15,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் வாங்கி ஓராண்டில் அடைத்தால் மொத்த வட்டி சுமார் ஆயிரம் ரூபாய்தான். தவறாமல் கட்டுபவருக்கு 7 சதவீத வட்டி மானியம் என்பது திட்டம் தொடங்கும்போதே அறிவிக்கப்பட்டது.

15,000 வைத்து என்ன செய்றதுன்னு தோணலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே தொகையைவிட வரலாறு முக்கியம். உப்பேரியின் மொறுமொறுப்பு வங்கி மேலாளருக்குத் தெரியாது. கணக்கில் தினமும் விழும் யுபிஐ வரவும், தவறாத தவணையும்தான் தெரியும். யுபிஐ பரிவர்த்தனைக்கு 1,600 ரூபாய் வரை கேஷ்பேக் உண்டு. இரண்டாவது கடனை அடைத்தவர்களுக்கு யுபிஐ-யோடு இணைந்த ரூபே கிரெடிட் கார்டும் கிடைக்கும்.

தேவையான முக்கியக் காகிதம், மாநகராட்சியோ நகராட்சியோ தரும் வியாபாரச் சான்று அல்லது அடையாள அட்டை. 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் தந்த உரிமை அது. இல்லாதவர்கள் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். ஆதாரோடு செல்போன் எண் இணைந்திருக்கணும், இதில்தான் பல விண்ணப்பங்கள் நின்றுபோகும்.

அப்புறம் அந்த போர்டு. “அண்ணாச்சி, இது நிஜமாவே ஆர்கானிக்கா?” என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். 2017-ம் ஆண்டு எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, ‘ஆர்கானிக்’ என்று விற்க என்பிஓபி அல்லது பிஜிஎஸ்-இந்தியா சான்று வேண்டும். தன் விளைச்சலை நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு விலக்கு உண்டு. வாங்கிச் சமைத்து விற்பவர் விவசாயி இல்லையே! எனவே சரக்கு தரும் குழுவின் சான்று நகலை வாங்கி வைப்பது நல்லது. அதுவரை ‘இன்ன ஊர் தோட்டத்துக் கிழங்கு’ என்று எழுதினாலே போதும், உண்மையும் அதுதானே.

வண்டியைத் தாண்டி, உப்பேரி பாக்கெட் போடும் சிறு யூனிட் வரை யோசிப்பவர்கள் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம். தமிழக அரசின் யுஒய்இஜிபி திட்டத்தில் 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 3.75 லட்சம். உணவு பதப்படுத்தும் குறுநிறுவனங்களுக்கான பிஎம்எஃப்எம்இ-யில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். இரண்டும் இப்போது விண்ணப்பம் வாங்குகின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். இன்னொன்று, பிஎம்எஃப்எம்இ மானியம் பணமாகக் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியிலேயே இருந்து, தவணை ஒழுங்காக இருந்தால் கடனில் கழியும். அதை நம்பி அடுத்த மாத வாடகைக்குத் திட்டம் போட்டுவிடாதீங்க.