குளிர்கால இரவில் காட்டுக்குள் சைக்கிள்: போகலாமா?

இங்கிலாந்துக்கு வேலைக்குப் போயிருக்கிறீர்கள். டிசம்பர் மாதம், வெளியே இரண்டு டிகிரி, காலையிலிருந்து தூறல். கூட வேலை பார்ப்பவர் வந்து கேட்கிறார்: "புதன்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு மவுண்டன் பைக் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறோம். முடிந்ததும் பப். வருகிறீர்களா?" கேலி செய்கிறாரோ என்று தோன்றும். இல்லை, நிஜமாகவே கேட்கிறார். பதில் சொல்லும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் இரவில் போக வேண்டும்? டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லண்டனில் மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மறுநாள் எட்டு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். அலுவலகம் போகிறவருக்கு வாரநாளில் வெளிச்சமே கிடையாது. மார்ச் வரை சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைக்கலாம், அல்லது இருட்டிலேயே ஓட்டலாம். இருட்டில் ஓட்டுவதில் லாபமும் உண்டு. பகலில் பழகிய பாதையே புதிதாகத் தெரியும், மெதுவாகப் போனாலும் பறப்பதுபோல் இருக்கும்.

எங்கே போவார்கள்? லண்டனுக்குத் தெற்கே, டார்க்கிங்குக்கும் கில்ட்ஃபோர்டுக்கும் இடையில் உள்ள சர்ரே ஹில்ஸ் இதற்குப் பேர்போனது. அங்கே உயரமான லீத் ஹில் 294 மீட்டர்; பக்கத்து ஹோம்பரி ஹில் 261 மீட்டர். கொடைக்கானல் பார்த்தவருக்கு இவை வெறும் குன்றுகள். ஆனால் குளிர்காலத்தில் உயரத்தைவிட மண்தான் முக்கியம். இந்தக் குன்றுகள் மணற்கல்லால் ஆனவை, மழைத்தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். வடக்கே சில மைல் தள்ளிப் போனால் சுண்ணாம்புப் பாறை; நனைந்தால் வழுக்கித் தள்ளும். தெற்கே இறங்கினால் களிமண். சக்கரம் சுற்றாத அளவுக்கு அப்பிக்கொள்ளும். எனவே அழைப்பவரிடம் தூரத்தைக் கேட்பதற்கு முன் மண்ணைப் பற்றிக் கேளுங்கள்.

இரவில் காட்டுக்குள் போக அனுமதி உண்டா? இங்கிலாந்தில் பிரைடில்வே (குதிரையில் போவதற்கான பொதுப்பாதை) எதிலும் சைக்கிள் ஓட்டலாம். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. இரவுக்குத் தனித் தடை இல்லை. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும், அவ்வளவுதான். ஃபுட்பாத் (நடப்பவருக்கு மட்டுமான பாதை) என்று பலகை இருந்தால் அதில் ஓட்ட உங்களுக்கு உரிமை கிடையாது. இந்தக் குன்றுகளில் உள்ள ஹர்ட்வுட் காடு தனியாருடையது. அதன் சொந்தக்காரரான ரெஜினால்ட் பிரே 1926-இல் பொதுமக்கள் உலாவ உரிமை எழுதிக்கொடுத்தார். அங்கே சைக்கிள்காரர்களையும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த நல்லெண்ணம் நீடிக்க வேண்டுமானால் சத்தம் போடாமல் போவதும், நாம் திறந்த கேட்டை மூடிவிட்டு வருவதும் நம் பொறுப்பு.

இனி விளக்கு. செலவு செய்வதானால் இதற்குச் செய்யுங்கள். டைனமோவை டயரில் உரசவிட்டு, போலீஸ்காரர் கண்ணில் படாமல் டபுள்ஸ் போன தலைமுறைக்கு ஒரு விளக்கே ஆடம்பரம். இங்கே இரண்டு வேண்டும்: ஒன்று ஹேண்டில்பாரில், ஒன்று ஹெல்மெட்டில்.

எதற்கு இரண்டு? ஹெல்மெட் விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால், வேரின் நிழல் வேருக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். முஷ்டி உயர வேர்கூடத் தரையில் இழுத்த கோடு மாதிரிதான் தெரியும். ஹேண்டில்பார் விளக்கு தாழ்வாக இருக்கிறது. நிழலை நீளமாக விழச் செய்து மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அது சக்கரம் பார்க்கும் திசையை மட்டும் பார்க்கும். கொண்டை ஊசி வளைவில் வெளிச்சம் புதருக்குள் போய்விடும், நீங்கள் திரும்ப வேண்டிய பாதை இருட்டில் கிடக்கும். அங்கே தலை திரும்பும் பக்கம் திரும்புகிற விளக்குதான் உதவும்.

எவ்வளவு வெளிச்சம் போதும்? ஹேண்டில்பாரில் சுமார் 1,000 லூமன் (விளக்கு மொத்தமாக உமிழும் ஒளியின் அளவு), தலையில் அதில் பாதி இருந்தால் தாராளம். மேடு ஏறும்போது குறைத்து வையுங்கள். குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பெட்டியில் போட்ட மணிக்கணக்கை நம்ப வேண்டாம். ஏற்றத்தில் ஹெல்மெட் விளக்கை அணைத்துவிடுவது இன்னும் நல்லது, இல்லையென்றால் நீங்கள் விடும் மூச்சே வெள்ளைப் புகையாக எழுந்து கண்ணை மறைக்கும். நண்பரிடம் பேசும்போது அவர் முகத்தை நேராகப் பார்க்காதீர்கள். பாவம், ஒரு நிமிடத்துக்கு அவருக்குக் கண் தெரியாது. தார் ரோட்டுக்கு வந்துவிட்டால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும் என்பது சட்டம்.

குளிர் தாங்குமா? ஓட்டும்போது தாங்கும், நின்றால்தான் நடுக்கம். ஏறும்போது வேர்த்துக் கொட்டும். இறங்கும்போது அதே வேர்வை காற்றுப் பட்டு உறையவைக்கும். ஆகவே ஒரே தடிமனான ஜாக்கெட் உதவாது. மெல்லிய உடைகளை அடுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது, கம்பளி நல்லது. கையுறை முக்கியம், விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. ஒரு காய்ந்த டிசர்ட்டை பாலிதீன் பையில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். அதன் அருமை பப்பில் தெரியும்.

சைக்கிளில் பெரிய மாற்றம் வேண்டாம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும். முன்பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் மட்கார்டு இருந்தால் சேறு கண்ணில் தெறிக்காது. வேலிச்செடிகளை வெட்டியிருந்தால் முள் பாதையில் கிடக்கும், பஞ்சர் சாமான் மறக்காதீர்கள்.

தனியாகப் போகலாமா? முதல் முறை வேண்டவே வேண்டாம். கூட்டமாகப் போகிறவர்கள் பாதை பிரியும் இடத்திலெல்லாம் நின்று, பின்னால் வரும் விளக்குகளை எண்ணிவிட்டுத்தான் நகர்வார்கள். நீங்கள் கடைசியாக வந்தால் வெட்கப்பட வேண்டாம். யாரோ ஒருவர் கடைசியாகத்தான் வர வேண்டும். ஆனால் நீங்கள் வந்து சேர்ந்த நொடியே அவர்கள் கிளம்பிவிட்டால், "ஒரு நிமிஷம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். யாருக்காவது அடிபட்டு நகர முடியாவிட்டால் 999-ஐ அழைக்கலாம். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதுவதோ விளக்கை மின்னுவதோதான் அபாய அறிவிப்பு.

சரி, பப்புக்கு ஏன் போக வேண்டும்? பப் (குடிக்கவும் சாப்பிடவும் ஊர்க்கதை பேசவும் கூடும் இடம்) இல்லையென்றால் பாதிப் பேர் வீட்டை விட்டே கிளம்ப மாட்டார்கள் என்பது என் கணிப்பு. மழையில் கடைசி ஏற்றத்தை ஏறவைப்பது கணப்படுப்பும் சூடான சிப்ஸும்தான். பீஸ்லேக், கோல்ட்ஹார்பர் போன்ற சின்ன ஊர்களில் சேறு பூசிய ஆட்களைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனாலும் வாசலிலேயே சேற்றைத் தட்டிவிட்டு, துணி போட்ட நாற்காலியைத் தவிர்த்து, மர பெஞ்சில் உட்காருங்கள்.

உள்ளே நடைமுறை கொஞ்சம் வேறு. மேசைக்கு யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருப்பீர்கள். கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கட்ட வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொருவராக எல்லோருக்கும் சேர்த்து வாங்குவார்கள். உங்கள் முறை வரும்போது எழுந்துவிடுங்கள், இதில் நழுவுகிறவரை ஊரே நினைவில் வைத்திருக்கும். சமையலறையை ஒன்பது மணி வாக்கில் மூடிவிடுகிற பப் பல உண்டு. அதனால் சாப்பாடு கிடைக்குமா என்று முன்பே போன் செய்து கேளுங்கள்.

குடிக்காதவர் என்ன செய்வது? லைம் சோடா கேளுங்கள், யாரும் காரணம் விசாரிக்க மாட்டார்கள். குடிப்பவருக்கு இரண்டு சங்கதி. சைக்கிளுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரம்பு இல்லை. ஆனால் ஓட்ட முடியாத போதையில் ரோட்டில் ஓட்டுவது குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம் விழலாம். சைக்கிளைக் காரில் ஏற்றி வந்திருந்தால் காருக்கான வரம்பு பொருந்தும்: இங்கிலாந்தில் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம். கார் ஓட்டுபவர் அன்றைக்குத் தொடாமல் இருப்பதே உத்தமம். மது உள்ளே போனால் சூடாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் தோலுக்கு ரத்தம் அதிகம் பாய்ந்து உடல் வெப்பத்தை இழக்கிறது. வெளியே இன்னும் அரை மணி நேரம் ஓட்ட வேண்டியிருந்தால் முதலில் சாப்பிடுங்கள். ரயிலில் திரும்புபவர் கடைசி வண்டியின் நேரத்தைக் கிளம்பும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். கோம்ஷால் போன்ற சின்ன ஸ்டேஷனில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க நேரும்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடலாமா? பத்து நிமிட வேலை இருக்கிறது. சேறு காய்வதற்குள் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். பீய்ச்சி அடிக்கும் இயந்திரம் வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்துவிடும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பேட்டரி சில்லென்று இருக்கும்போதே சார்ஜ் போடாமல், அறைச் சூட்டுக்கு வந்தபின் போடுங்கள். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும்.