என் வழக்கு எனக்குப் புரிய வேண்டாமா?

வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்று தமிழ்நாட்டின் கீழ்க் கோர்ட்டுகளில் நடக்கும் வழக்குகளில் சாட்சி தமிழில் பேசுகிறார். பத்திரம் தமிழில் இருக்கிறது. தீர்ப்பையும் தமிழில் எழுதலாம். அதே வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போனால் எல்லாம் ஆங்கிலம். பத்திரத்தையும் வாக்குமூலத்தையும் மொழிபெயர்த்து, டைப் அடித்து, கட்டுக்கட்டாகத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் கட்சிக்காரர் தலையில்தான் விழுகிறது. காசு கொடுத்தவருக்கோ தன் பெயரில் வக்கீல் என்ன வாதாடினார், நீதிபதி என்ன கேட்டார் என்பது புரிவதில்லை. அடுத்த வாய்தா என்றைக்கு என்பதைக்கூட குமாஸ்தாதான் சொல்ல வேண்டும்.

அரசியல் சாசனத்தின் 348(2) பிரிவு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதலோடு, மாநில ஆட்சிமொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் ஆளுநர் அனுமதிக்கலாம். ராஜஸ்தானில் 1950, உத்தரப்பிரதேசத்தில் 1969, மத்தியப்பிரதேசத்தில் 1971, பீகாரில் 1972 என இந்திக்கு அந்த அனுமதி கிடைத்தது. தமிழுக்காக 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அனுமதி கிடைக்கவில்லை.

லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் 24 மொழிகளில் எதிலும் வழக்குத் தொடுக்கலாம். சுமார் 5 லட்சம் பேர் வாழும் மால்டாவின் மொழியும் அதில் ஒன்று. மொழிபெயர்ப்பு வேலையை நீதிமன்றமே பார்த்துக்கொள்கிறது. வேல்ஸில் கோர்ட்டில் வெல்ஷ் பேசும் உரிமையை 1967-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், 2011 கணக்கெடுப்பின்படி, சுமார் 6.9 கோடிப் பேர்.

நீதிபதிகள் மாநிலம் விட்டு மாநிலம் மாறுகிறார்கள், சட்ட நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்று மறுப்பவர்கள் சொல்கிறார்கள். அது நிர்வாகச் சிக்கல், தீர்த்துக்கொள்ளலாம். பன்னாட்டுக் கம்பெனிகளின் ஒப்பந்த வழக்கு ஆங்கிலத்தில் நடக்கட்டும். வரப்புத் தகராறுக்கு அது எதற்கு? 2019 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் வெளியாகின்றன. நல்லதுதான். ஆனால் எல்லாம் முடிந்தபின் தமிழில் படித்து, விசாரணையில் விட்டுப்போன ஒரு விவரத்தை யார் சேர்க்க முடியும்?

348(2) அனுமதி வரட்டும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்: அப்பீல் வழக்குகளின் மொழிபெயர்ப்புச் செலவை அரசே ஏற்க வேண்டும். தன் மொழியில் நியாயம் கேட்பவரிடம் அதற்கென்று தனிக்கட்டணம் வாங்குவது நியாயமே அல்ல.