'வத்து' என்பது யாருடைய சொல்?
இல்லங்களில் வாழும் சிறப்புத் தேவையுள்ள வளரிளம் பருவத்தினரும் கல்வித் திட்டங்களும்

1

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு இல்லம். பெயர் வேண்டாம். இதைவிட மோசமானவையும் உண்டு, மேலானவையும் உண்டு. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியராக, தொகுப்பூதியத்தில், நான் அங்கே போய்வந்த காலத்தில் ஒரு பையனின் கோப்பைப் பார்க்க நேர்ந்தது. வயது 15. அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. கோப்பில் 'தனிநபர் கல்வித் திட்டம்' என்று ஒரு படிவம், முழுக்க ஆங்கிலத்தில். பேச்சு: இல்லை. நடத்தை: அடம், கத்துதல், மாத்திரையைத் துப்புதல். இலக்கு: உதவியின்றிப் பல் துலக்குதல். போன வருஷப் படிவத்திலும் இதே இலக்கு. அதற்கு முந்தைய வருஷமும் இதே.

பராமரிப்பாளர் அக்கா சொன்னார்: "எதுக்கெடுத்தாலும் வத்து வத்துன்னு கத்துவான் டீச்சர். அது சும்மா ஒரு சத்தம்."

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அவனுடைய அம்மா வந்தார். உருக்கு ஆலை ஒன்றில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை. இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஆமாம், பேசிக்கொண்டிருந்தார்கள். சொல் குறைவுதான், ஆனால் பேச்சு. ஆச்சரியத்தோடு கேட்டேன். "பேசுவானே டீச்சர். எங்க வூட்ல தெலுங்குதான். வத்துன்னா வேணாம்னு அர்த்தம். வெறும் வயித்துல மாத்திரை குடுத்தா கொமட்டும் அவனுக்கு. அதான் வத்துங்கறான்."

ஆந்திர எல்லை ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் வந்துவிடுகிறது. தெலுங்கு இந்தப் பகுதியின் தெரு மொழி. ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் ஒடியாவும் இந்தியும் பேசுகிற குடும்பங்கள். இருந்தும் அந்தப் படிவத்தில் 'வீட்டு மொழி' என்று ஒரு கட்டம் இல்லை. ஒரு மனிதன் 'வேண்டாம்' என்று சொன்னது மூன்று வருஷமாக 'நடத்தைப் பிரச்சினை' என்று பதிவாகிக்கொண்டிருந்தது. நானும் அதற்கு முன் இரண்டு தடவை அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை என்மீதான விமர்சனமும்தான்.

2

இந்தப் படிவம் எங்கிருந்து வந்தது? 1972இல் நியூயார்க்கின் வில்லோபுரூக் என்ற அரசு நிறுவனத்தில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் ஆடையின்றி, அழுக்கில், கும்பலாக அடைக்கப்பட்டிருந்ததை ஒரு தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. அதே வருஷம் பென்சில்வேனியாவிலும் வாஷிங்டனிலும் பெற்றோர்கள் தொடுத்த வழக்குகளில், எந்தக் குழந்தையையும் கல்வியிலிருந்து விலக்க முடியாது என்ற நிலை உருவானது. 1975இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தில் ஒரு திட்டம். இப்போது என்ன தெரியும், ஒரு வருஷத்தில் என்ன கற்கும், யார் கற்பிப்பது, எப்படி அளப்பது. பெற்றோர் உட்கார்ந்து பேசி உருவாக்க வேண்டும். உடன்பாடு இல்லையென்றால் முறையிடலாம். 1990இல் இன்னொன்றும் சேர்ந்தது: பள்ளிக்குப் பிறகான வாழ்க்கைக்கு மாறிப்போவதற்கான ஏற்பாடு 16 வயதுக்குள் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

ஆக, நிறுவனத்துக்கு எதிரான சண்டையில் பெற்றோர் பிடுங்கி வாங்கிய ஆயுதம் இது. நம்மிடம் வரும்போது சண்டையைக் கழித்துவிட்டுப் படிவம் மட்டும் வந்தது.

நம்மிடம் கருவிகள் இல்லாமலும் இல்லை. சென்னையில் விஜய் ஹியூமன் சர்வீசஸில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம்' 18 துறைகள், துறைக்கு 20 வீதம் 360 உருப்படிகள் கொண்டது. 'இவனுக்கு என்ன வராது' என்று கேட்காமல் 'என்ன செய்கிறான்' என்று கண்ணால் பார்த்துக் குறிக்கச் சொல்வது அது. கருவி நல்லதுதான். யாரோடு உட்கார்ந்து நிரப்புகிறோம் என்பதுதான் கேள்வி. அம்மா இல்லாமல் நிரப்பினால் 360 கட்டமும் நிறுவனத்தின் பார்வையாகவே முடியும்.

3

இனி சட்டம். இதில் 14 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். 2009இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரை பேசுகிறது. 2012 திருத்தம், கடுமையான குறைபாடுள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று சேர்த்தது. அரசு உதவியோடு தமிழகத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் அறிவுசார் குறைபாடுள்ளோர் இல்லங்களில் ஒரு வகை, '14 வயதுக்கு மேற்பட்டோருக்கானது'. பள்ளி விடுகிற இடத்தில் இல்லம் ஆரம்பிக்கிறது. கல்வி அங்கே பராமரிப்பு ஆகிவிடுகிறது. மாணவன் உள்ளுறைவாளன் ஆகிவிடுகிறான். பல் துலக்குதல் நிரந்தர இலக்காவது இப்படித்தான்.

ஆனால் 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த 14ஐ ஏற்கவில்லை. பிரிவு 31, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்ட குழந்தைக்கு 6 முதல் 18 வரை இலவசக் கல்வி என்கிறது, அருகமைப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ. பிரிவு 9 இன்னும் கூர்மையானது. குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, நீதிமன்ற ஆணை இருந்தாலொழிய. பெற்றோரால் முடியாவிட்டால் முதலில் நெருங்கிய உறவினர், பிறகு சமூகத்துக்குள் ஒரு குடும்பச் சூழல், விதிவிலக்கான நிலையில் மட்டுமே காப்பகம். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழ்.

இளைஞர் நீதிச் சட்டம் (2015) வழியாக வருகிற பிள்ளைக்குத் தனியாக ஒரு 'தனிநபர் பராமரிப்புத் திட்டம்' உண்டு. அது குழந்தைகள் நலக் குழுவின் கோப்பில். கல்வித் திட்டம் பள்ளியில். மருந்துச் சீட்டு இல்லத்தின் அலமாரியில். ஒரே உடம்பு, மூன்று கோப்பு. மூன்றும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

4

காஃப்மனும் ஃபூக்கோவும் படித்த நமக்கு இதை விளக்குவது சுலபம். உறக்கம், வேலை, ஓய்வு எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கிற 'முழுமை நிறுவனம்' பற்றி 1961இலேயே காஃப்மன் எழுதிவிட்டார். கோப்பு எப்படி ஒரு மனிதனை 'வழக்கு' ஆக்குகிறது என்பதை ஃபூக்கோ காட்டியிருக்கிறார். உடனே நாம் சொல்லிவிடுகிறோம்: மூடு. இத்தாலியில் பஸாலியா நடத்திய இயக்கத்தால் 1978இல் மனநோய் மருத்துவமனைகளைப் படிப்படியாக மூட வழிசெய்யும் சட்டம் வந்ததே என்கிறோம்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் இறந்தார்கள். அங்கிருந்த இல்லங்கள் மூடப்பட்டன. 2017இன் மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடைசெய்கிறது. இவையெல்லாம் தேவையானவை. ஆனால் அந்த அம்மா என்னிடம் கேட்டதற்கு இவற்றில் பதில் இல்லை: "நைட் ஷிப்ட் போனா இவன ரூமுக்குள்ள வச்சிப் பூட்டிட்டுத்தான் போவணும். தீ கீ புடிச்சா? இங்கயாவது நாலு பேரு இருக்காங்க. நீங்க சொல்லுங்க டீச்சர்."

பூட்டிய வாடகை அறையும் ஒரு நிறுவனம்தான். சிப்காட்டின் ஷிப்ட் நேரமும் ஒப்பந்தக் கூலியும் சேர்ந்தே அந்த இல்லத்தை உற்பத்தி செய்கின்றன. இதைப் பேசாத நிறுவன எதிர்ப்பு நடுத்தர வர்க்கத்தின் சௌகரியம்.

5

அப்படியென்றால் இல்லத்தில் இருக்கிற பையனுக்கு இன்று என்ன செய்வது? என் அனுபவத்தில் சில.

திட்டத்தின் முதல் வரி வீட்டு மொழியாக இருக்கட்டும். அந்த மொழியில் அவன் அறிந்த இருபது சொற்களைப் பெற்றோரிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினால் பராமரிப்பாளர்கள் கற்றுக்கொள்வார்கள். கற்றுக்கொண்டார்கள்.

திட்டம் எழுதும் கூட்டம் பெற்றோர் வருகிற ஞாயிறன்று நடக்க வேண்டும். வேலைநாளில் கூப்பிட்டால் அவர்களுக்கு ஒருநாள் கூலி போகும். படிவம் அவர்களுக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். நகல் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

'நடத்தை' என்று எழுதும் முன் மூன்று கேள்வி: அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின் என்ன நடந்தது. வேண்டாம் என்பதற்கு ஒரு சைகை, ஒரு பட அட்டை. மறுக்கத் தெரியாத பிள்ளையைத்தான் யாரும் தொடலாம். உடல் மாறுகிற வயது இது. குளியலறைக் கதவு, மாதவிடாய், யார் எங்கே தொடலாம் என்பதெல்லாம் கல்வி இலக்குகள்தான். 2012இன் போக்சோ சட்டம் இல்லத்துக்குள்ளும் செல்லும்.

பள்ளிப் பதிவேட்டில் பெயர் நீடிக்க வேண்டும். பெயர் இருந்தால் சிறப்பாசிரியர் வர வேண்டிய கட்டாயம் இருக்கிறது. 2022இல் ஒன்றிய அரசு அறிவித்த விகிதம் தொடக்க நிலையில் 10 மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். தொகுப்பூதிய ஆசிரியரைக் கொண்டு இதை ஒப்பேற்ற முடியாது. ஆசிரியர் மாறினால் குழந்தையின் மொழியும் திரும்பத் தொலைகிறது. எங்கள் பணி நிரந்தரக் கோரிக்கை அந்தப் பிள்ளைகளின் கோரிக்கையும்தான்.

கடைசியாக, வெளியேறும் வழி. 16 வயதில் பல் துலக்குவதோடு பஸ் ஏறுவது, காசு எண்ணுவது, ஒரு வேலை, மாதத்தில் சில நாள் வீடு ஆகியவை தேதியோடு எழுதப்பட வேண்டும். தேதி இல்லாத திட்டம் ஆயுள் தண்டனை.

அவனுக்கு மாத்திரை இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு. மருத்துவரைக் கேட்டுத்தான் மாற்றினோம். துப்புவது நின்றது. ஆனால் சோறு பிடிக்காத நாளில் 'வத்து' என்கிறான். அதைக் கேட்டுத் தட்டை எடுத்துவைக்கிறார் அதே அக்கா. அது பெரிய விடுதலை ஒன்றும் இல்லை. அம்மாவின் நைட் ஷிப்ட் தொடர்கிறது, அவன் இன்னும் இல்லத்தில்தான். நான் வேறு வட்டாரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டேன்.

தொழிற்சங்கத் தோழர்களிடம் ஒரு கேள்வியோடு முடிக்கிறேன். சிப்காட் வாயில்களில் நாம் வைக்கிற கோரிக்கைப் பட்டியலில், ஷிப்ட் நேரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு பகல் மையம், ஒரு இரவு மையம் எங்கே? விவாதிப்போம்.