பூண்டுப் பல் ஓர் இலை, தெரியுமா?

வேரல்ல, கிழங்கல்ல. உணவைச் சேர்த்துச் சேர்த்துத் தடித்துப்போன இலை! உரிக்கும்போது நகத்தில் ஒட்டுகிறதே, அந்தக் காய்ந்த தோலும் இலைதான்.

மறையூரிலிருந்து மலையேறினால் காந்தலூர். இடுக்கி மாவட்டத்தின் அஞ்சுநாட்டு ஊர்களில் ஒன்று. இங்கே விளையும் பூண்டு, வட்டவடைப் பூண்டோடு சேர்ந்து புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. காரமும் மணமும் அப்படி! ஆனால் முழுப் பல்லை முகர்ந்து பாருங்கள், பெரிதாக வாடையே வராது. நசுக்கினால்தான் ஊரைக் கூட்டும். ஏன் தெரியுமா?

பல்லைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரிய பெரிய சேமிப்புச் செல்கள். நடுநடுவே நரம்புகள். ஒவ்வொரு நரம்பையும் சுற்றிச் சின்னச் செல்களின் வளையம். அல்லியின் என்ற பொருள் இருப்பது சேமிப்புச் செல்களில். அதை மாற்றும் நொதி இருப்பது நரம்பைச் சுற்றிய செல்களில். உலக்கை விழுந்து சுவர்கள் உடைந்ததும் இரண்டும் கலந்து, சில நொடிகளில் அல்லிசின் பிறக்கிறது. அமெரிக்காவில் காவலிட்டோவும் பெய்லியும் 1944-ல் பிரித்தெடுத்தது இதைத்தான். முழுசாக வேகவைத்தாலோ நொதி செத்துப்போகும், அல்லிசினும் கிடையாது. ரசத்துக்குத் தட்டிப் போடும் பூண்டும் குழம்பில் முழுசாக வேகும் பூண்டும் ஒன்றல்ல!

உருளைக்கிழங்குச் சீவலில் அயோடின் விட்டால் கருநீலமாகும். பூண்டில் விட்டுப் பாருங்கள், ஆகாது! பூண்டு சேர்த்துவைப்பது மாவுச்சத்தை அல்ல. ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியை.

மலையிறங்கி மறையூர்க் கரும்புக்கு வாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் இந்தக் கரும்பில் காய்ச்சுவதுதான். தோகையைக் குறுக்கே சீவினால் நரம்பைச் சுற்றிப் பச்சைச் செல்கள், மாலை கட்டியதுபோல! வெளிச்செல்கள் கரியமில வாயுவைப் பிடித்து இந்த வளையத்துக்குள் தள்ள, உள்ளே சர்க்கரை தயாராகிறது. கொளுத்தும் வெயிலிலும் வேலை நிற்பதில்லை. 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் இந்த வழியைக் கண்டுசொன்னது எந்த இலையை வைத்துத் தெரியுமா? கரும்பு இலையை!

செல்லின் உட்கருவுக்குப் பேர் கிடைத்ததும் இலைத்தோலைப் பார்த்த புண்ணியத்தில்தான்: 1831, ராபர்ட் பிரவுன், ஆர்க்கிட் செடி. தைல மர இலைக்கு மைக்ரோஸ்கோப்கூட வேண்டாம். வெயிலுக்கு எதிரே பிடித்தாலே எண்ணெய்ப் புள்ளிகள் மின்னும்.

ஆசிரியர்களே, வருடாவருடம் வெங்காயத் தோலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இந்த வருடம் ஒரு பல் பூண்டும் ஒரு துண்டுக் கரும்புத் தோகையும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போங்கள். முதலில் சின்ன லென்ஸ், பிறகு பெரியது. பிளேடு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.