அம்மா புரட்டிப் பார்த்த ஜீன்ஸ்

180 வெள்ளி. ஒரு பழைய ஜீன்ஸுக்கு நான் கொடுத்த விலை. "1960களில் தைத்த லீவைஸ் 501, இனி கிடைக்காது" என்றார் பண்டல் கடைக்காரர். பின்பாக்கெட் சிவப்புப் பட்டையில் ‘ஈ’ பெரிய எழுத்தில் இருந்தது. 1971 வரை தைத்தவற்றில்தான் அப்படி இருக்கும், அதன்பின் சின்ன எழுத்து என்று படித்திருந்தேன். பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன்.

"யாரோ போட்டுக் கழிச்சதுக்கா இவ்வளவு காசு?" என்று அம்மா முகம் சுளித்தார். ஆனால் இருபது வருடம் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்த கை சும்மா இருக்குமா? உள்பக்கம் புரட்டினார். கால் ஓரத் தையலைப் பிரித்துப் பிடித்து, "துணியோட கரைய வெட்டாம அப்படியே வெச்சுத் தச்சிருக்காங்க" என்று மெச்சினார். பிறகு உள்ளே தைத்திருந்த துவைப்புக் குறிப்புச் சீட்டைக் காட்டிக் கேட்டார்: "உங்க தாத்தா காலத்து உடுப்புல இதெல்லாம் ஏது?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆடைகளில் நிலையான துவைப்புக் குறிப்பு வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் நடப்புக்கு வந்தது 1972இல். நான் வாங்கியது, அந்த நிறுவனமே பழைய அச்சில் மறுபடி தைத்து விற்கும் ரகம். போலி அல்ல, ஆனால் 1960களும் அல்ல. பணம் திரும்பவில்லை.

ஆகவே பெரிய ‘ஈ’யை மட்டும் நம்பாதீர்கள். ஜீன்ஸைப் புரட்டுங்கள். அம்மா சொன்ன அந்தக் கரைக்குத்தான் ‘செல்வெட்ஜ்’ என்று பெயர். குறுகிய நாடாத் தறியில் நெய்த துணிக்கு வரும் வெள்ளைக் கரை, நடுவே பெரும்பாலும் சிவப்பு நூல். 501இல் 1980களின் நடுப்பகுதி வரை இது இருந்தது. மறுதயாரிப்பிலும் இருக்கும் என்பதால், கரை, பட்டை, சீட்டு மூன்றும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். ‘அமெரிக்காவில் தைத்தது’ என்றிருந்தால் பெரும்பாலும் இருபது வருடமாவது ஆகியிருக்கும். நிறுவனம் அங்கிருந்த தன் கடைசித் தையலாலைகளை 2000களின் தொடக்கத்தில் மூடிவிட்டது.

சீட்டில் உள்ள இடுப்பளவு வெறும் எண்தான். துவைக்கத் துவைக்கச் சுருங்கும் துணி அது. 34 என்று போட்டது 31கூட இருக்கும். அளவு நாடா கொண்டுபோய் இடுப்பைத் தட்டையாக விரித்து அளந்து, இரண்டால் பெருக்குங்கள். தொடை இடுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதலில் கிழிவது அங்கேதான். முழங்கால் கிழிசலைத் தைத்துக்கொள்ளலாம், இடுக்கு நைந்தால் விட்டுவிடுங்கள். மூட்டையாகக் கட்டி வரும் துணி என்பதால்தான் ‘பண்டல்’ என்கிறோம். அந்த மூட்டை நெடி இரண்டு துவைப்பில் போய்விடும். பூஞ்சைப் புள்ளி போகாது.

இப்போது பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தைக்குப் போனாலும் அம்மா கூடவே வருகிறார், கைப்பையில் நாடாவோடு. போன மாதம் 35 வெள்ளிக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார். சின்ன ‘ஈ’, கரையும் இல்லை, ஆனால் அமெரிக்கத் தையல். எனக்கு அளவெடுத்த மாதிரி இடுப்பு, கால்தான் இரண்டு அங்குலம் நீளம். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். பழைய கால் மடிப்பை வெட்டினால் மதிப்பே போய்விடும் என்று கெஞ்சி, மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.