பவுடர் பூசாமல் போக வேண்டிய நாள்

மாமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கப் போகிற அன்று அக்குளில் பவுடர் பூசக் கூடாது. அந்தப் படம் தேடுபவற்றில் பொடி போன்ற ஒன்றும் உண்டு. பால்குழாய்களில் சில சமயம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சுண்ணாம்புத் துகள்கள் படிகின்றன. பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் ஒழுங்கற்ற வடிவில் கொத்தாகச் சேர்ந்திருந்தால் புற்றின் ஆரம்பமாக இருக்கலாம். விரலுக்குத் தட்டுப்படாத அதை எக்ஸ்ரே காட்டிவிடும். பூசிய பவுடரும் அதேபோல் வெள்ளைப் புள்ளியாக விழுந்து டாக்டரைக் குழப்பும்.

இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்துச் சில விநாடி அழுத்துவார்கள். கொஞ்சம் வலிக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் அப்போதுதான் பரந்து விரியும். குறைந்த கதிரே போதும். அழுத்தினால் கட்டி உடைந்து பரவிவிடும் என்ற பயம் வேண்டவே வேண்டாம். படத்தில் கொழுப்பு கறுப்பு, சுரப்பித் திசு வெள்ளை. கட்டியும் வெள்ளைதான். இளம் பெண்களுக்குச் சுரப்பித் திசு அடர்த்தி என்பதால், வெள்ளையடித்த சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுகிற கதையாகிவிடும். அவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுப்பது அதனால்தான்.

மெஷின் இல்லாத ஊரில் என்ன செய்வது? பயிற்சி பெற்றவர் கையால் தடவிப் பார்த்தால் பயன் உண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய முக்கியமான ஆய்வு ஒன்று, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இருக்கிற திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே நடந்தது. கேரள-தமிழக எல்லையின் இரு பக்கத்தாரும் குரலைத் தாழ்த்திச் சொல்கிற ஆர்.சி.சி.யின், அதாவது அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தின், வேலை அது. 2006-இல் தொடங்கியது, 30 முதல் 69 வயது வரை 1,15,652 பெண்கள். 2011-இல் வந்த முதற்கட்ட முடிவில், பரிசோதனை நடந்த பகுதிகளில் நோய் கண்ட 100 பேரில் சுமார் 44 பேருக்கு அது ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டிருந்தது. நடக்காத பகுதிகளில் 25 பேருக்குத்தான். ஆனாலும் கைக்கு அகப்பட்டது ஏறக்குறைய பாதிப் புற்று மட்டுமே. ‘ஒன்றும் இல்லை’ என்று பரிசோதித்தவர் சொன்னபின் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால், மறுபடி போய்க் காட்டத்தான் வேண்டும்.

மும்பை டாடா மருத்துவமனை 20 ஆண்டு நடத்திய இதேபோன்ற ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் மார்புப் புற்றால் நேரும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. வெறும் கைப் பரிசோதனை இவ்வளவு செய்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

மார்புக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ‘வலிக்கலையே, பிறகு பார்க்கலாம்’ என்று மாதங்கள் ஓடுவது அதனால்தான். பல கட்டிகள் புற்றல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது ஊசியில் எடுக்கும் சதைத்துணுக்கு, பக்கத்து வீட்டு அக்கா அல்ல. மாமோகிராம் எடுக்கப் போகும்போது பழைய படம் பீரோவில் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள். போன தடவை இல்லாத புள்ளி எது என்பதைத்தான் டாக்டர் முதலில் பார்ப்பார்.